'டென்ஷன் ஆகாதீங்க'ன்னு சொல்றது வைத்தியம் இல்லீங்க

போன வாரம் ஆபீஸ்ல ஒரு வெபினார். மனநலம், உடல்நலம்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை ஹெச்.ஆர். மக்கள் நடத்துற சடங்கு. பேச வந்தவர் நல்லாத் தான் பேசிக்கிட்டு இருந்தார். கடைசி அஞ்சு நிமிஷத்துல யாரோ மைக்ரேன் பத்திக் கேட்கவும், "தலைவலியே நம்ம எண்ணங்களோட விளைவு தாங்க. மனசை லேசா வச்சுக்கிட்டா மாத்திரையே தேவைப்படாது" அப்படின்னு ஒரே போடாப் போட்டுட்டார். சாட்ல நாலஞ்சு கைதட்டல் பொம்மை வேற.

கேமராவை அணைச்சுட்டு பல்லைக் கடிச்சேன். (பல்லைக் கடிக்கிறதும் தலைவலிக்கு ஆகாதாம். அதுவும் போச்சு.) அவர் சொன்னது முழுசா உளறலா இருந்திருந்தா சிரிச்சுட்டு ஆணி புடுங்கப் போயிருப்பேன். பிரச்சினை என்னன்னா, மனசுக்கும் பழக்கவழக்கத்துக்கும் குடுக்கிற பயிற்சி மைக்ரேனுக்கு உதவும்ங்கிறதுல விஷயம் இருக்கு. அதை எல்லாரும் இப்படி அரையும் குறையுமா சொல்லி வச்சதால தான், நான் அந்த வைத்தியத்துக்குப் போறதையே எட்டு மாசம் தள்ளிப் போட்டேன். அந்த எட்டு மாசக் கடுப்பு தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. கொசுவத்தி சுத்த ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் கும்பகோணம் பக்கம். அம்மாவுக்கு ஒத்தத் தலைவலி உண்டு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ மாசத்துல மூணு நாலு நாள், நெத்தியைச் சுத்தி ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு, ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, கூடத்து மூலையில படுத்திருப்பாங்க. சுக்கை உரசிப் பத்துப் போடுவாங்க. நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடிப்பாங்க. "தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட நின்னா நீர் கோத்துக்காம என்ன பண்ணும்"னு பாட்டி ஒரு பக்கம் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அப்பா கடையில ஒரு மாத்திரை வாங்கிட்டு வருவார். ராத்திரி டிபன் மட்டும் நிக்காது. அந்தத் துண்டோடயே எழுந்து வந்து தோசை வார்ப்பாங்க. அதை ஒரு வியாதின்னு யாரும் நினைச்சதே இல்லை, நானும் சேர்த்து தான். அம்மான்னா மாசத்துல நாலு நாள் துண்டு கட்டிக்குவாங்க, அவ்வளவு தான்.

எனக்கு முதல் தடவை வந்தது காலேஜ் மூணாவது வருஷம், திருச்சியில. இன்டர்னல் எழுதிக்கிட்டு இருக்கேன், கேள்வித்தாள்ல நடு நடுவுல எழுத்தைக் காணோம். அப்புறம் கண் ஓரத்துல ரம்பப் பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு வெளிச்சம். அரை மணி நேரத்துல இடது பக்க மண்டையில ஆணி அடிக்க ஆரம்பிச்சுது. (இது நிஜ ஆணி.) கண்ணு டாக்டர்கிட்ட போனோம். பவரே இல்லாத ஒரு கண்ணாடி குடுத்தார். அதை ரெண்டு வருஷம் பக்தியோட போட்டுக்கிட்டு இருந்தேன்.

பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்தப்புறம் மாசத்துக்கு ரெண்டு மூணு தடவைன்னு இருந்தது, லாக்டவுன்ல வீட்ல உட்கார்ந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சதும் மெல்ல மெல்ல ஏறிச்சு. ஒரு கட்டத்துல தலைவலி இல்லாத நாளை எண்றது சுலபம்னு ஆயிடுச்சு. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. டாக்டர் மூணு நிமிஷம் பார்த்தார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைம்மா. ஐ.டி. தானே? டென்ஷனைக் குறைச்சுக்கோங்க." அவ்வளவு தான். எப்படிக் குறைக்கிறதுன்னு கேட்டேன். "யோகா ஏதாவது பண்ணுங்க"ன்னார். அடுத்த பேஷன்ட் உள்ள வந்தாச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கிறேன். சர்க்கரை வியாதிக்காரர்கிட்ட "சர்க்கரையைக் குறைச்சுக்கோங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா நாம சும்மா விடுவோமா? என்ன சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுக்கணும்னு சீட்டு எழுதித் தரணும்ல? தலைவலிக்கு மட்டும் 'டென்ஷனைக் குறை'ன்னு ஒரு வரி போதுமாம். அதுல ஒரு மறைமுகக் குற்றச்சாட்டும் இருக்கு பாருங்க. குறையலைன்னா தப்பு நம்ம மேல.

ரெண்டாவதா பார்த்த நியூரோ டாக்டரம்மா எடுத்த எடுப்புல மாத்திரை எழுதலை. ஒரு மாசம் டைரி எழுதிட்டு வரச் சொன்னாங்க. எந்த நாள் வலி, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை, எப்போ தூங்கினே, எப்போ சாப்பிட்டே. எனக்கு வெக்கமாப் போச்சு. லாக் ஃபைல் இல்லாம டீபக் பண்ண வர்ற ஜூனியர் பசங்களைத் திட்டுற ஆளு நான். என் மண்டைக்கு ஏழு வருஷமா லாகே இல்லை.

டைரி சொன்ன கணக்கு: ஒரு மாசத்துல 19 நாள் தலைவலி. 14 நாள் மாத்திரை. மாசத்துக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி, அதுல 8 நாளாவது மைக்ரேன் லட்சணத்தோட, இப்படி மூணு மாசத்துக்கு மேல போனா அதுக்குப் பேர் நாள்பட்ட மைக்ரேன். இன்னொரு குண்டும் போட்டாங்க. நான் மெடிக்கல் ஷாப்புல தானா வாங்கி முழுங்கிக்கிட்டு இருந்தது காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை. அந்த மாதிரி கூட்டு மாத்திரையை மாசத்துல 10 நாளுக்கு மேல மாசக்கணக்கா போட்டா, மாத்திரையாலயே தலைவலி வர ஆரம்பிச்சுடும். வெறும் பாராசிட்டமால்னா 15 நாள். ஆக, தீயை அணைக்கிறேன்னு நான் ஊத்தினதுல பாதி மண்ணெண்ணெய்.

சீட்டுல மூணு விஷயம் எழுதினாங்க. கூட்டு மாத்திரையை நிறுத்து, வலி வந்தா போட வேற மாத்திரை, அதுவும் எண்ணி இத்தனை நாள் தான். தினமும் தடுப்பு மருந்தா ப்ரொப்ரனலால். மூணாவதா, க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட பிஹேவியரல் தெரபி.

(இதுக்குத் தமிழ்ல 'நடத்தைச் சிகிச்சை'ன்னு போடுறாங்க. கேட்டா ஏதோ நன்னடத்தைச் சான்றிதழ் கிடைக்காதவங்களுக்குக் குடுக்கிற தண்டனை மாதிரி இருக்கு. சொல் வித்தகர்கள் யாராச்சும் நல்ல பேரா கண்டுபிடிங்கப்பா.)

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அப்போ நீங்களும் இது என் கற்பனைன்னு தான் சொல்றீங்களா டாக்டர்?"னு கேட்டுட்டேன். அவங்க கோபப்படலை. "கால் உடைஞ்சவங்களைக் கட்டுப் பிரிச்சதும் பிசியோதெரபிக்கு அனுப்புறோம். உடைஞ்சதே கற்பனைன்னா அனுப்புறோம்?"னாங்க.

நல்ல பதில் தான். ஆனாலும் நான் போகலை.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏண்டி, கீழ்ப்பாக்கம் கேஸா நீ? தலைவலிக்கு எதுக்கு அந்த டாக்டரு?"ன்னாங்க. ஜாதகம் நாலு இடத்துக்குப் போயிருந்த நேரம். தலைவலின்னு சொல்றதே கூடாது, "கண்ணு பவர்"னு தான் சொல்லணும்னு ஏற்கனவே உத்தரவு. இதுல மனசு டாக்டர் வேறயா. "போறதுன்னா போ பாப்பா. சித்திகிட்ட மட்டும் வாயைத் திறந்துடாத"ன்னு முடிச்சாங்க. அம்மா மேல பழி போட்டுத் தப்பிச்சுக்க எனக்கு ஆசை தான். நேர்மையா சொன்னா, அம்மா தடுக்கலை. நான் தான் அந்த மூணாவது வரியைப் பார்த்து அசிங்கப்பட்டேன். இன்ஜினியரிங் படிச்சவ, லாஜிக்கா யோசிக்கிறவ, எனக்கு எதுக்கு இதெல்லாம்ங்கிற திமிர். தடுப்பு மருந்தையும் ஒரு நாள் போட்டு ரெண்டு நாள் மறந்து எட்டு மாசம் ஓட்டினேன்.

அப்புறம் திருநெல்வேலியில தோழி கல்யாணம். ராத்திரி பஸ்ல தூக்கம் இல்லை, காலையில சாப்பாடு லேட்டு. முகூர்த்த நேரத்துல நான் மண்டபத்து மாடி ரூம்ல, ஜன்னல் இடுக்குல எல்லாம் துணியைச் சொருகிட்டு, தலையில துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு இருட்டுல படுத்திருந்தேன். கீழ கெட்டிமேளம். ஒவ்வொரு அடியும் கண்ணுக்குப் பின்னாடி விழுது. அந்தத் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தப்போ தான், கூடத்து மூலையில அம்மா படுத்திருந்தது ஞாபகம் வந்துச்சு. திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்.

நான் எதிர்பார்த்த மாதிரி சாய்வு நாற்காலி, சின்ன வயசுக் கதை எதுவும் இல்லை. என்னை விட ரெண்டு மூணு வயசு பெரியவங்களா ஒருத்தங்க, பெரிய நோட்டோட. முதல் கேள்வியே, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்துக்குவீங்க?"

பதினோரு மணிக்கு. வாரம் பூரா ஏழு மணிக்கு எழுந்து எட்டு மணிக்குள்ள காபி குடிக்கிற உடம்பு, சனிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் காபியும் இல்லாம, சாப்பாடும் இல்லாம கிடக்கு. டைரியைப் பார்த்தா வரிசையா சனிக்கிழமை தலைவலி. ரிலீஸ் வாரத்துல கூட ரிலீஸ் அன்னிக்கு வராது, முடிஞ்ச மறுநாள் வரும். இதைப் பத்தி 2014ல ஒரு சின்ன ஆய்வு இருக்கு. 17 பேர் தான், தினமும் டைரி எழுதினவங்க. மன அழுத்தம் ஏறினப்போ வந்ததை விட, ஏறி இறங்கினப்போ தலைவலி வந்தது தான் அதிகம். மைக்ரேன் மூளைக்குத் திடீர் மாற்றம் ஆகாது, நல்ல மாற்றமா இருந்தாலும் சரி. 'டென்ஷன் ஆகாதீங்க'ன்னு சொல்ற கோஷ்டி இதைக் கவனிக்கணும்.

அதனால முதல் வேலை ரொம்ப போரான வேலை. ஏழு நாளும் ஒரே நேரத்துல எழுந்துக்கணும், ஒரே நேரத்துல சாப்பிடணும். தலைவலி இல்லாத நல்ல நாள்ல, சேர்த்து வச்ச ஆணி அத்தனையையும் ஒரேயடியா புடுங்கக் கூடாது. நான் அப்படித் தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். மறுநாள் படுத்துக்குவேன், வேலை சேரும், அடுத்த நல்ல நாள்ல திரும்பவும் அதே கூத்து.

ரெண்டாவது, உடம்பைத் தளர்த்துற பயிற்சி. ஒவ்வொரு தசையா இறுக்கி, பிடிச்சு, விடணும். எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் கொண்டு வந்தது, 1929லயே இதுக்குப் புஸ்தகம் போட்டுட்டார். என் தோள்பட்டை காது வரைக்கும் ஏறி உட்கார்ந்திருக்குங்கிறதே அப்போ தான் தெரிஞ்சது. கூடவே ஆள்காட்டி விரல்ல ஒரு குட்டி தெர்மாமீட்டர். அமைதியாகும்போது விரல் நுனி ரத்தக்குழாய் விரிஞ்சு விரல் சூடாகும், அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகணும். இதுக்குப் பேர் பயோஃபீட்பேக். இது வந்த கதை சுவாரசியம். 1960களோட கடைசியில அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலம், டொபீகா ஊர்ல இருந்த மெனிங்கர் ஃபவுண்டேஷன்ல எல்மர் கிரீன்னு ஒருத்தர் வேற ஏதோ ஆராய்ச்சிக்காக ஒரு பெண்மணியோட கைச் சூட்டை அளந்துக்கிட்டு இருந்தார். திடீர்னு கை சூடு ஏறிச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டா, அந்தம்மாவுக்கு இருந்த மைக்ரேன் அந்த நேரத்துல விட்டுப் போச்சாம். தலையில இருந்த ரத்தம் கைக்கு இறங்கிடுச்சுன்னு அப்போ விளக்கம் சொன்னாங்க. மைக்ரேன்னா வெறும் ரத்தக்குழாய்க் கோளாறுங்கிற அந்தக் கொள்கை இப்போ செல்லாது. பயிற்சி மட்டும் நிலைச்சுடுச்சு. 2000ல வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்லயே தளர்வுப் பயிற்சி, பயோஃபீட்பேக், சி.பி.டி. மூணுக்கும் நல்ல ஆதாரம் இருக்குன்னு முதல் தர மதிப்பெண் குடுத்திருக்காங்க. 2000ல! நான் அப்போ எல்.கே.ஜி.க்குக் கூட போகலை.

மூணாவது தான் எனக்குக் கஷ்டமா இருந்தது. தலை லேசா கனத்த உடனே என் மண்டைக்குள்ள ஓடுற படம்: "போச்சு, இன்னிக்கு நாள் போச்சு, ஸ்டாண்டப்ல என்ன சொல்றது, மேனேஜர் என்ன நினைப்பார், இப்படியே போனா வேலையே போகும்." வலி வர்றதுக்கு முன்னாடியே பயத்துல ஒரு மாத்திரை. அந்தப் படத்தை எழுதி வைக்கச் சொன்னாங்க. பக்கத்துலயே போன பத்து தடவை உண்மையில என்ன நடந்ததுன்னும் எழுதணும். பத்துல நாலு தடவை அந்தக் கனம் தலைவலியாவே மாறலை. எழுதிப் பார்க்கிற வரைக்கும் இது எனக்குத் தெரியாது. எட்டாவது செஷன்ல மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகையே பார்த்தோம். ஜலதோஷத்துக்கு லீவு கேக்கும்போது நான் இவ்வளவு கெஞ்சினதில்லைங்கிறது அங்க தான் உறைச்சுது.

இப்போ என் டைரியில மாசத்துக்கு ஏழு எட்டு நாள். மாத்திரை நாலு இல்லைன்னா அஞ்சு நாள். போன மாசம் மட்டும் ரிலீஸ் புண்ணியத்துல பத்து நாள்.

ஆனா இதை வச்சு "தெரபி ஜெயிச்சுது"ன்னு நான் சொன்னா நீங்க நம்பக் கூடாது. கூட்டு மாத்திரையை நிறுத்தினது, ப்ரொப்ரனலாலை ஒழுங்கா போட்டது, தெரபி மூணும் ஒரே நேரத்துல நடந்தது. மூணு மாற்றத்தை ஒரே டெப்ளாய்மென்ட்ல தள்ளிட்டு, எது பக்கைச் சரி பண்ணுச்சுன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? அதனால தான் தனித்தனியா பிரிச்சுப் பார்த்த ஆய்வுகளைத் தேடிப் படிச்சேன்.

எனக்குப் பிடிச்சது 2013ல அமெரிக்காவுல சின்சினாட்டி குழந்தைகள் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் நடத்தினது. 10 வயசுல இருந்து 17 வயசுக்குள்ள, நாள்பட்ட மைக்ரேன் இருந்த 135 பேர். 28 நாள்ல சராசரியா 21 நாள் தலைவலி. பாவம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க. எல்லாருக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரை குடுத்தாங்க. பாதிப் பேருக்குக் கூடவே சி.பி.டி. மீதிப் பேருக்கு தலைவலி பத்தின பாடம் மட்டும், ஆனா அதே 10 செஷன், அதே நேரம். இது தான் அழகு. "யாரோ ஒருத்தர் அக்கறையா உட்கார்ந்து பேசினாலே பாதி சரியாயிடும்"னு சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது, ஏன்னா ரெண்டு பக்கமும் ஒருத்தர் உட்கார்ந்து பேசினாங்க. 20 வாரம் கழிச்சுப் பார்த்தா, சி.பி.டி. சேர்ந்த குரூப்ல 28 நாளைக்கு 11.5 தலைவலி நாள் குறைஞ்சிருக்கு, இன்னொரு குரூப்ல 6.8. தலைவலி பாதியா குறைஞ்சவங்க இங்க 66 சதவீதம், அங்க 36.

பெரியவங்களுக்கு? 2010ல ஒஹையோ பல்கலைக்கழகத்துல கென்னத் ஹோல்ராய்ட் குழு 232 பேரை வச்சு நடத்தினது இருக்கு. (அவங்க அடிக்கடி மைக்ரேன் வர்றவங்க, எல்லாரும் நாள்பட்ட வகை இல்லை.) வலி வரும்போது போடுற மாத்திரையை எல்லாருக்கும் ஒழுங்கு பண்ணிட்டு, நாலாப் பிரிச்சாங்க: போலி மாத்திரை, என்னோட ப்ரொப்ரனலால் வகை தடுப்பு மருந்து, பயிற்சியும் போலி மாத்திரையும், பயிற்சியும் நிஜ மருந்தும். முதல் மூணு குரூப்லயும் மாசத்துக்கு ரெண்டு சொச்சம் தாக்குதல் குறைஞ்சுது, ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம் இல்லை. நாலாவதுல மட்டும் 3.3. அதாவது மருந்து தனியா சேர்ந்தும் பெருசா ஒண்ணும் ஆகலை, பயிற்சி தனியா சேர்ந்தும் ஆகலை. ரெண்டும் சேர்ந்தப்போ தான் நகர்ந்துச்சு. வெபினார் பெரியவருக்கு இதைப் பிரிண்ட் எடுத்து அனுப்பலாம்னு இருக்கேன். மாத்திரை மட்டும் எழுதி அனுப்புற என் முதல் டாக்டருக்கும் ஒரு காப்பி.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. 2019ல காக்ரேன் ஆட்கள் பெரியவங்களுக்கான ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசிட்டு, ஆதாரத்தோட தரம் ரொம்பக் குறைவு, உறுதியா எதுவும் சொல்றதுக்கில்லைன்னுட்டாங்க. அந்தக் குழந்தைகள் ஆய்வுல எல்லாருக்கும் குடுத்த அமிட்ரிப்டிலினே, 2017ல வந்த இன்னொரு பெரிய ஆய்வுல சின்னப் பிள்ளைங்களுக்குப் போலி மாத்திரையை விட ஒண்ணும் உசத்தி இல்லைன்னு ஆச்சு. 2021ல 89 பெரியவங்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் சொல்லிக்குடுத்துப் பார்த்தாங்க. தலைவலி நாள் குறைஞ்சதுல, வெறும் பாடம் கேட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனா தலைவலியால முடங்கிப் போறது இவங்களுக்கு நல்லாக் குறைஞ்சிருந்தது.

அந்தக் கடைசி வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன். எனக்கும் அது தான் நடந்தது. இந்த ஏழு எட்டு நாள் வலியும் பழைய வலி தான், மண்டையில அதே ஆணி தான். முன்னாடி ஒரு தாக்குதல் வந்தா மூணு நாளைத் தின்னும். வர்றதுக்கு முந்தின நாள் பயம், வந்த நாள் வலி, மறுநாள் குற்ற உணர்ச்சி. இப்போ ஒரு நாளோட போயிடுது. இதை எந்த ஸ்கேன்ல பார்க்கிறது?

ஆக என் கட்சி இது தான். நாள்பட்ட மைக்ரேன்னு டைரி சொல்லிட்டா, மாத்திரை எழுதுற அதே சீட்டுல, அதே நாள்ல, தெரபியையும் எழுதணும். எல்லா மாத்திரையும் தோத்தப்புறம், "இனி நீ மனசு டாக்டரைப் பாரு"ன்னு கடைசியா கை கழுவுறதுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிக் கடைசியில அனுப்பும்போது தான் பேஷன்ட்டுக்கு அது "உன் வலி பொய்"னு கேக்குது. முதல் நாளே அனுப்பினா பிசியோதெரபி மாதிரி கேக்கும். அனுப்புற நேரத்துலயே பாதி விஷயம் இருக்கு.

சொல்றது சுலபம். பெங்களூர்லயே இந்தப் பயிற்சி தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட்டைத் தேடி நான் மூணு இடம் அலைஞ்சேன். ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய், எட்டு செஷன், கூட்டிக்கோங்க. எங்க ஆபீஸ் இன்சூரன்ஸ் ஸ்கேனுக்குக் காசு குடுத்துச்சு, இதுக்குக் குடுக்கலை. நிம்ஹான்ஸ் ஆட்கள் பெங்களூர் சுத்துவட்டாரத்துல நகரம், கிராமம்னு வீடு வீடாப் போய் 2,329 பேரைக் கேட்ட ஆய்வுல, ஒரு வருஷத்துக்குள்ள மைக்ரேன் வந்தவங்க 25.2 சதவீதம். நாலுல ஒருத்தர். அதுல பத்துல ஒரு பங்குக்கு நாள்பட்டதா மாறினாலும் இத்தனை சைக்காலஜிஸ்ட்டுக்கு எங்க போறது? செவிலியர்களுக்கோ பிசியோதெரபிஸ்ட்டுக்கோ இந்த டைரியும் தளர்வுப் பயிற்சியும் சொல்லிக்குடுத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில உட்கார வைக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு வெபினார் நடத்துற கம்பெனிங்க அந்தக் காசுல நாலு பேரோட செஷனுக்குப் பணம் கட்டலாம். எங்க ஹெச்.ஆர்.கிட்ட இதை மெயில்ல கேட்டிருக்கேன். "நல்ல யோசனை, பரிசீலிக்கிறோம்"னு பதில் வந்திருக்கு. அதுக்கு அர்த்தம் உங்க எல்லாருக்கும் தெரியும் :-)

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, சாயங்காலம் ஏழு மணிக்கு விரல்ல தெர்மாமீட்டரை மாட்டிக்கிட்டு ரூம்ல உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி இது, ரேகை ஜோசியமா?"ன்னாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்துட்டு, "எனக்கு மாட்டி விடு பார்ப்போம்"னாங்க. அம்பத்தஞ்சு வயசுல முதல் தடவையா அவங்க தலைவலியைப் பத்தி நான் கேள்வி கேட்டேன். எந்தப் பக்கம், எத்தனை நாள், வாந்தி வருமா. எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தாங்க, கேக்கத் தான் ஆள் இல்லை. இப்போ மாசத்துக்கு ஆறு நாளாம்.

கும்பகோணத்துல நான் விசாரிச்ச வரைக்கும் இந்தப் பயிற்சி குடுக்கிறவங்க கிடைக்கலை. முதல்ல தஞ்சாவூர்ல ஒரு நியூரோ டாக்டரைப் பார்க்கணும், அப்புறம் என்னோட சைக்காலஜிஸ்ட்டே வீடியோவுல பேசறேன்னு சொல்லியிருக்காங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன்.

"போன்லயேவா? அப்போ சரி. சித்தி வீட்ல இல்லாத நேரமாப் பார்த்துச் சொல்லு."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவ. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி கொடூரமான தலைவலி வந்தாலோ, பேச்சு குளறினாலோ, கை கால் மரத்தாலோ பதிவு படிச்சுக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மத்தபடி, தமிழ்நாட்டுல சின்ன ஊர்ல யாருக்காச்சும் இந்த மாதிரி தெரபி கிடைச்சிருந்தா பின்னூட்டத்துல ஊர் பேர் மட்டுமாவது சொல்லுங்க. நிஜமாவே தேவைப்படுது.